இஸ்தான்புல் ஹமாமில் குளிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இஸ்தான்புல் போகிறவர்கள் ஆயா சோஃபியாவைப் பார்க்கிறார்கள், எதிரே நீல மசூதியைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே 1550களில் சுலைமான் சுல்தானின் மனைவி ஹுர்ரெம் சுல்தானுக்காகக் கட்டப்பட்ட ஹமாமின், அதாவது துருக்கியப் பொதுக் குளியல் மண்டபத்தின், குவிமாடங்களைப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே போகாததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. எதைக் கழற்ற வேண்டும், யார் தேய்த்துவிடுவார்கள், எங்கே உட்கார வேண்டும் என்று எதுவும் தெரியாத இடத்துக்குள் இடுப்பில் ஒரு துணியோடு நுழைய யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். முறை தெரிந்துவிட்டால் அந்தக் கூச்சத்தில் பாதி வாசலிலேயே போய்விடும்.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஹமாமில் உங்கள் உடம்பில் வேலை செய்வது சூடுதான். தேய்ப்பவரின் கை அதற்குப் பிறகுதான் வருகிறது. உடம்பு நன்றாக ஊறி, தோல் இளகாத நிலையில் எவ்வளவு திறமையான கை தேய்த்தாலும் பயன் குறைவு. ஆகவே ஹமாமைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வெளியே வருவது வரை, அவசரமில்லாமல் சூட்டில் கிடக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறந்தவை.

கட்டடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பழைய ஹமாம்களின் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். முதலில் ஜாமெகான் என்கிற உடை மாற்றும் கூடம். உயரமான கூரை, சுற்றிலும் மரத்தாலான சிறு அறைகள், பெரும்பாலும் நடுவில் ஒரு நீரூற்று. அடுத்தது மிதமான சூடுள்ள இடைக்கூடம். அதையும் தாண்டினால் ஸிஜாக்லிக் என்கிற சூட்டறை. அங்கே பெரிய குவிமாடத்துக்கு நேர் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அகலமான பளிங்கு மேடைதான் கோபெக்தாஷி. சுவரோரமாக வரிசையாகப் பளிங்குத் தொட்டிகள் இருக்கும். அவற்றின் பெயர் குர்னா. மூலைகளில் சிறு மறைவறைகள் இருக்கும். கூட்டத்திலிருந்து விலகி உட்கார விரும்புகிறவர்களுக்கு அவை ஏற்றவை.

இந்த அமைப்புக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் ரோமானியர்களுடையது. பைசாந்தியர்கள் வழியாக அது துருக்கியர்களிடம் வந்து சேர்ந்தது. சூட்டறையின் தரை குட்டையான தூண்கள்மேல் நிற்கும். கட்டடத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும் குல்ஹான் என்கிற உலையில் விறகு எரியும். அதன் சூடான புகை தரைக்கு அடியில் உள்ள வெற்றிடத்தில் பரவி, சுவருக்குள் புதைத்த குழாய்கள் வழியாக மேலேறி வெளியேறும். தரை, சுவர், மேடை மூன்றும் ஒருசேரச் சூடாகும். இன்று பல இடங்களில் விறகுக்குப் பதில் எரிவாயு வந்துவிட்டது. ஆனாலும் கல் மெல்லச் சூடேறி, ஏறிய சூட்டை நெடுநேரம் விடாமல் வைத்திருக்கிறது. மேலே குவிமாடத்தில் பதித்த வட்டக் கண்ணாடிகள் வழியாகப் பகல் வெளிச்சம் கற்றை கற்றையாக விழும். ஆகவே, முடிந்தால் பகலில் போங்கள் என்பேன்.

சூட்டறையின் வெப்பம் பொதுவாக 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பின்லாந்து சவுனாவின் எண்பது, தொண்ணூறு டிகிரியோடு பார்த்தால் இது குறைவுதான். ஆனால் சவுனாவின் காற்று உலர்ந்தது. இங்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தங்கும். தோல் ஊறி இளகுவதும் அதனால்தான், மயக்கம் எதிர்பாராமல் வருவதும் அதனால்தான். சென்னை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழகியவர்கள் ‘இதெல்லாம் நமக்கு ஒன்றுமில்லை’ என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே காற்று அசையாது, கீழே கல்லும் சுடும்.

எந்த ஹமாம்?

இஸ்தான்புல்லில் நான்கு வகைகள் இருக்கின்றன. முதல் வகை, சுல்தான்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் தளபதிகளும் கட்டிய வரலாற்று ஹமாம்கள். இவற்றில் பெரும்பாலானவை அறக்கட்டளைகளுக்கு வருமானம் தேடித் தரவே எழுந்தவை. செம்பர்லிதாஷ் ஹமாம் 1584-இல் கட்டப்பட்டது. கட்டச் சொன்னவர் மூன்றாம் முராத்தின் தாய் நூர்பானு சுல்தான், கட்டியவர் ஒட்டோமான் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினான். உஸ்குதாரில் நூர்பானு நிறுவிய அறச்சாலைகளின் செலவுக்கு இதன் வருவாய் போனது. 1741-இல் முதலாம் மஹ்மூத் கட்டிய ஜாலோலு ஹமாமின் வருவாய், ஆயா சோஃபியாவுக்குள் அவர் அமைத்த நூலகத்துக்குப் போனது. தோபாஹானேயில் இருக்கும் கிலிச் அலி பாஷா ஹமாமும் சினானின் கைவண்ணம்தான். கடற்படைத் தளபதி ஒருவருக்காக 1580களில் முடிந்தது, நீண்ட புனரமைப்புக்குப் பிறகு 2012-இல் மீண்டும் திறந்தார்கள். ஸெய்ரெக் பகுதியின் சினிலி ஹமாம் அண்மையில்தான் பல ஆண்டுப் புனரமைப்பை முடித்துக்கொண்டு, பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகத்தோடு திறந்திருக்கிறது.

இவற்றுள் ஒன்றைச் சொல் என்றால், கட்டடத்தின் அழகுக்குக் கிலிச் அலி பாஷா. அதன் ஒற்றைப் பெருங்குவிமாடத்தின் கீழே நிற்கும்போது சினான் யார் என்பது புரியும். கட்டடமும் முக்கியம், எளிதில் போய்ச் சேரவும் வேண்டும் என்றால் செம்பர்லிதாஷ். டி1 டிராமில் அதே பெயருள்ள நிறுத்தத்தில் இறங்கினால் கண்ணெதிரே இருக்கிறது, கிராண்ட் பஜாரும் பக்கத்தில்தான். கிலிச் அலி பாஷாவுக்கு அதே டிராமில் தோபாஹானே நிறுத்தம்.

இரண்டாவது வகை, மக்கள் குடியிருக்கும் தெருக்களில் இருக்கும் அக்கம்பக்கத்து ஹமாம்கள். கட்டணம் லிராவில் எழுதியிருக்கும், வரலாற்று ஹமாம்களின் கட்டணத்தில் ஒரு பகுதிதான் வரும். ஆங்கிலம் பேசுபவர்கள் இருக்க மாட்டார்கள், அலங்காரமும் இருக்காது. ஆனால் அவசரப்படுத்தவும் மாட்டார்கள். மூன்று மணி நேரம் கிடந்தாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை முறை தெரிந்துகொண்ட பிறகு நான் விரும்பிப் போவது இத்தகைய இடங்களுக்குத்தான். முதல் தடவைக்கு வரலாற்று ஹமாம், இரண்டாவது தடவைக்குத் தெருக்கோடி ஹமாம் என்று வைத்துக்கொண்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

மூன்றாவது, ஹோட்டல்களுக்குள் இருக்கும் ஹமாம். ஓடு பதித்த சிறிய அறை, நடுவே ஒரு சூடான மேடை, அவ்வளவுதான். தனிமை வேண்டுவோருக்கும் தம்பதிகளுக்கும் வசதியானது. ஆனால் குவிமாடம் இல்லை, வெளிச்சம் இல்லை, சூடும் பெரும்பாலும் போதாது. தெருவில் துண்டுச் சீட்டு நீட்டி அழைக்கும் முகவர்கள் சிலர் இத்தகைய அறைகளையே ‘பழமையான துருக்கிக் குளியல்’ என்று விற்கிறார்கள். கட்டடத்தின் குவிமாடத்தை வெளியிலிருந்து உங்கள் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நான்காவது, ஆண்களும் பெண்களும் சேர்ந்து குளிக்கும் ஹமாம். சுலைமானியே மசூதி வளாகத்தை ஒட்டிய ஹமாம் அப்படிப்பட்டது. தம்பதிகளையும் குடும்பங்களையும் ஒன்றாக அனுமதிக்கிறார்கள். அங்கே தேய்ப்பவர்கள் ஆண்கள். இது சுற்றுலாவுக்காக வந்த ஏற்பாடு, பழைய மரபு இல்லை. மரபில் ஆணை ஆண் தேய்ப்பார், அவர் தெல்லாக். பெண்ணைப் பெண் தேய்ப்பார், அவர் நாதிர். பெண் வாசகர்கள் முன்பதிவின்போதே ‘நாதிர் இருக்கிறாரா?’ என்று கேட்டுவிடுங்கள். பெண்கள் பகுதி தனியாக இருந்தும், தேய்ப்பதற்கு ஆணை அனுப்பும் இடம் என்றால் அந்த இடமே வேண்டாம்.

இஸ்தான்புல்லைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஸஃப்ரான்போலுவில் பதினேழாம் நூற்றாண்டு ஜின்ஜி ஹமாம் இருக்கிறது. சிறிய ஊர், அமைதியான குளியல். பூர்சாவில் இருப்பவை நிலத்தடியிலிருந்து இயற்கையாகவே சூடாக வரும் நீரைக் கொண்ட கப்லிஜாக்கள். ருஸ்தெம் பாஷா 1552-இல் கட்டிய யெனி கப்லிஜா அவற்றில் ஒன்று. அங்கே நீந்தக்கூடிய வெந்நீர்க் குளம் உண்டு, ஹமாமில் குளம் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, செம்பர்லிதாஷ் போய்விட்டுக் குளம் எங்கே என்று தேடுகிறவர்கள் நிறைய.

நேரமும் முன்பதிவும்

இரட்டை ஹமாம்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கட்டடப் பகுதியும் தனித்தனி வாசலும் உண்டு. பெண்கள் வாசல் பல இடங்களில் பக்கத்துச் சந்தில் ஒதுங்கி இருக்கும். ஒற்றை ஹமாம்களில் நேரமோ நாளோ பிரித்திருப்பார்கள்; கிலிச் அலி பாஷாவில் பகல் பெண்களுக்கு, மாலைக்கு மேல் ஆண்களுக்கு. வாசல் பலகையில் ‘ஈ’ (E) எழுத்தில் தொடங்கும் சொல் இருந்தால் ஆண்கள், ‘கே’ (K) எழுத்தில் தொடங்கினால் பெண்கள். சில இடங்களில் இரண்டு சொல்லும் ‘பி’ (B) எழுத்தில் தொடங்கும். மூன்றெழுத்துச் சொல் ஆண்களுக்கு, ஐந்தெழுத்துச் சொல் பெண்களுக்கு.

கணவன் மனைவியாகப் போனால், திரும்பச் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும், இருவரும் வெவ்வேறு தெருவில் வெளியே வர நேரலாம். குழந்தைகளுடன் போகிறவர்கள் வயது வரம்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பல வரலாற்று ஹமாம்கள் சிறு குழந்தைகளை அனுமதிப்பதில்லை.

காலையில் கதவு திறந்தவுடன் போவது மிக நல்லது. கூட்டம் குறைவு, மேடையில் இடம் தாராளம், தேய்ப்பவரின் கையிலும் தெம்பு இருக்கும். மாலை ஐந்துக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்து இறங்கும். பெருநாளுக்கு முந்தைய நாள் உள்ளூர்க்காரர்களின் கூட்டம் நெரியும்.

கட்டணப் பட்டியலைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். வரலாற்று ஹமாம்கள் பெரும்பாலும் யூரோவில் விலை போடுகின்றன, சிலவற்றில் நூறு யூரோவைத் தாண்டும். மலிவானது, நீங்களே குளித்துக்கொள்ளும் சீட்டு. அடுத்தது கெஸே, கோபூக் இரண்டும் சேர்ந்தது. கெஸே என்பது கரடுமுரடான கையுறையால் தேய்ப்பது, கோபூக் என்பது நுரைக் குளியல். அதற்கு மேலே எண்ணெய் மசாஜ், களிமண் முகப்பூச்சு என்று பட்டியல் நீளும். கெஸேயும் கோபூக்கும் சேர்ந்த சீட்டை எடுங்கள், அது போதும். எண்ணெய் மசாஜ் ஹமாமின் பகுதியே இல்லை. உலகத்தில் எந்த ஊர் ஸ்பாவிலும் கிடைக்கும் ஒன்றுக்கு இங்கே வந்து கூடுதல் பணம் கொடுப்பானேன்? அந்தப் பணத்தை மிச்சப்படுத்தினால் அக்கம்பக்கத்து ஹமாமுக்கு இன்னொரு நாள் போகலாம். சீட்டு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தேய்த்து முடித்த பிறகும் உள்ளே இருக்கலாமா? ‘எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்’ என்று பதில் வந்தால் அது நல்ல ஹமாம். ‘மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம்’ என்றால் வேறிடம் பாருங்கள்.

போவதற்கு முன்

இரண்டு மணி நேரம் முன்பிருந்தே வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மதுவை அறவே தவிர்க்க வேண்டும். இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கர்ப்பிணிகளும் காய்ச்சல் உள்ளவர்களும் தவிர்த்துவிடுவது நல்லது. மாதவிடாய் நாள்களில் பெண்கள் ஹமாமுக்குப் போவதை ஒத்திப்போடுவதுதான் அங்குள்ள வழக்கம்.

அன்றோ முதல் நாளோ சவரமோ மெழுகு பூசி முடி நீக்குவதோ வேண்டாம். கெஸே பட்டால் எரியும். கடற்கரை வெயிலில் தோல் சிவந்திருந்தால் ஆறும்வரை பொறுத்திருங்கள். ஆண்டால்யாவில் கடலில் கிடந்துவிட்டு நேராக ஹமாமுக்கு வருகிறவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. அன்று காலை உடம்புக்கு எண்ணெயோ கிரீமோ பூசக் கூடாது. வழவழப்பிருந்தால் கையுறை தோலைப் பற்றாது. தேங்காய் எண்ணெய் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் முந்தின இரவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருதாணி வைத்திருந்தால், ஒரே தேய்ப்பில் நிறம் பெருமளவு மங்கிவிடும். திருமணத்துக்காக வைத்த மருதாணி என்றால் ஹமாமைத் தள்ளிப்போடுங்கள்.

நகைகளைக் கழற்றி அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உலோகம் சூடேறும், கையுறையில் சிக்கும். தாலியைக் கழற்ற விரும்பாத பெண்கள் நாதிரிடம் சங்கிலியைக் காட்டி, தலையசைத்து ‘இது வேண்டாம்’ என்று உணர்த்தினால் போதும். கழுத்தைத் தேய்க்கும்போது அதை நீங்களே ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

பைக்குள் வைக்க வேண்டியவை: மாற்று உள்ளாடை, சீப்பு, குளியலுக்குப் பிறகு பூசிக்கொள்ள ஏதாவது ஒரு மாய்ஸ்சரைசர், அன்பளிப்புக்கு லிரா நோட்டுகள். துண்டு, செருப்பு, சோப்பு எல்லாம் வரலாற்று ஹமாம்களில் தருவார்கள். அக்கம்பக்கத்து ஹமாமுக்குப் போனால் சோப்பும் ஷாம்பூவும் எடுத்துச் செல்லுங்கள்.

உள்ளே

வாசலில் காலணியைக் கழற்றச் சொல்வார்கள். அறைச் சாவியோடு பெஷ்தமால் என்கிற மெல்லிய பருத்தித் துணியும் செருப்பும் வரும். முன்பு நாலின் என்கிற உயரமான மரச் செருப்பு. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆண்கள் பெஷ்தமாலை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், குளியல் முடியும்வரை எந்தக் கட்டத்திலும் அவிழ்க்கக் கூடாது. முழு நிர்வாணம் ஆண்கள் பகுதியில் பெரும் அவமரியாதை. தேய்ப்பவரே துணியை ஒதுக்கி ஒதுக்கித் தேய்ப்பார், ஒருபோதும் முழுதாக விலக்க மாட்டார். பெண்கள் பகுதியில் கட்டுப்பாடு தளர்வு. உள்ளாடையின் கீழ்ப்பகுதியோடு பெரும்பாலோர் இருப்பார்கள். மேலே துணி வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். நம் ஆற்றங்கரைகளில் பெண்கள் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக் குளிப்பதைப் போல பெஷ்தமாலைக் கட்டிக்கொண்டே இருந்தாலும் யாரும் ஏன் என்று பார்க்க மாட்டார்கள். நீச்சலுடையும் தடையில்லை.

ஈரப் பளிங்கில் கால் வழுக்கும். நின்று நிதானமாக, பாதத்தைத் தட்டையாக ஊன்றி நடங்கள். இடைக்கூடத்தில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து உடம்பைப் பழக்குங்கள்.

சூட்டறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை குர்னா அருகே உட்கார்ந்து, தாஸ் என்கிற உலோகக் கிண்ணத்தால் வெதுவெதுப்பான நீரைத் தலையிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வது. சூடும் குளிரும் கலக்க இரண்டு குழாய்கள் இருக்கும். குர்னாவுக்கு அடைப்பானோ வடிகால் துளையோ கிடையாது. நீர் மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கும், நிரம்பினால் வழியும். ஓடும் நீரில் உடம்பைத் தூய்மை செய்ய வேண்டும் என்கிற இஸ்லாமிய முறையை ஒட்டி வந்த அமைப்பு இது. ஆகவே குர்னாவுக்குள் கையையோ காலையோ விடுவதும், சோப்பு நுரை அதில் தெறிக்கும்படி குளிப்பதும் பெரிய தவறு. இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தால் உள்ளூர்க்காரர்கள் உங்களை மதிப்போடு நடத்துவார்கள். இந்தக் கட்டத்தில் சோப்பு வேண்டவே வேண்டாம். தோல் வெறும் நீரில் ஊற வேண்டும்.

பிறகு கோபெக்தாஷி. பெஷ்தமாலை நனைத்துக் கல்மேல் விரித்து, முதலில் ஓரமாகப் படுங்கள். சூடு தாங்கும் என்று தெரிந்த பிறகு நடுவுக்கு நகரலாம். ஐந்து நிமிடம் மல்லாந்து, ஐந்து நிமிடம் குப்புற. வியர்வை முத்து முத்தாகத் தொடங்கி, பிறகு ஓடையாக வழியும். தலை கனத்தால் எழுந்து குர்னாவுக்குப் போய்க் குளிர்ந்த நீரை முகத்திலும் மணிக்கட்டிலும் ஊற்றிக்கொண்டு திரும்பி வாருங்கள். கண் இருண்டாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே இடைக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அடக்கிக்கொண்டு கிடப்பதில் எந்த வீரமும் இல்லை. பதினைந்து முதல் இருபது நிமிடம் இப்படிக் கழியட்டும். விரல் நுனி சுருங்கி, முன்கையை உங்கள் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அழுக்கு உருண்டு வந்தால், உடம்பு தயார். கூட்டமான இடங்களில் ஐந்தாவது நிமிடமே தேய்ப்பவர் வந்து தோளைத் தட்டுவார். தயங்காமல் மேடையைக் காட்டி ‘பிராஸ் தஹா’ என்று சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். ஒரு சிரிப்போடு விலகிப் போவார். இந்த இரண்டு சொற்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதினேன் என்றாலும் தகும்.

அடுத்து கெஸே. தேய்ப்பவர் வெந்நீரை ஊற்றிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொள்வார். பழைய கையுறைகள் கச்சாப் பட்டிலோ ஆட்டு மயிரிலோ நெய்தவை. கழுத்திலிருந்து பாதம்வரை நீண்ட இழுப்புகளாகத் தேய்ப்பார். சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உதிரும். அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும். அது பெரும்பாலும் இறந்த தோல். தேய்ப்பவர்கள் அதை உங்களுக்கே எடுத்துக் காட்டுவார்கள், தங்கள் தொழில்மீது அவர்களுக்கு இருக்கும் பெருமை அது. அழுத்தம் அதிகம் என்றால் ‘யவாஷ்’ என்றால் மெதுவாக்குவார். போதும் என்றால் ‘தமாம்’. ‘தோன்’ என்று அவர் சொன்னால் திரும்பிப் படுக்க வேண்டும், ‘ஒதுர்’ என்றால் உட்கார வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கை காலைத் தளர்த்திவிடுங்கள். கையைத் தூக்குவதும் மடக்குவதும் அவர் வேலை. உதவி செய்வதாக நினைத்து நாமே தூக்கினால் தசை இறுகும்.

இந்தத் தொழில்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1730-இல் சுல்தான் மூன்றாம் அகமதை அரியணையிலிருந்து இறக்கிய கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பத்ரோனா ஹலில் ஒரு ஹமாம் தெல்லாக்காக இருந்தவர் என்பது வரலாறு. அவர் வேலை பார்த்ததாகச் சொல்லப்படும் பயஸித் ஹமாம் இன்று ஹமாம் பண்பாட்டு அருங்காட்சியகமாக நிற்கிறது; குளிப்பதற்கு முன்பு ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டுப் போனால், உள்ளே காணும் ஒவ்வொரு பொருளும் உங்களுக்குப் பேசும். இன்றும் நாள் முழுக்க அந்தச் சூட்டில் நின்று, முழு உடம்பின் பலத்தையும் கையில் இறக்கி வேலை செய்கிறார்கள். வந்ததும் ‘கோலாய் கெல்ஸின்’ என்று சொல்லுங்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்துத் துருக்கியர்கள் சொல்லும் வாழ்த்து அது, வேலை எளிதாகட்டும் என்பது. அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

கெஸே முடிந்ததும் உடம்பு முழுக்க நீர் ஊற்றி அலசுவார். பிறகு நுரை. சோப்பு நீரில் நனைத்த தலையணை உறை போன்ற துணிப்பையைக் காற்றில் வீசி உப்பவைத்து, கையால் இறுக்கி வழித்துவிடுவார். கழுத்துவரை வெண்ணுரையால் மூடிவிடும். அந்த நுரைக்குள் கையை விட்டு முதுகு, தோள், கெண்டைக்கால் என்று பிடித்துவிடுவார். எண்ணெய் மசாஜ் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல தேய்ப்பவரின் கையில் இந்த ஐந்து நிமிடமே போதுமானது. பிறகு உங்களைக் குர்னா அருகே உட்காரவைத்துத் தலைக்குக் குளிப்பாட்டுவார். நீளமான கூந்தல் உள்ளவர்கள் முன்பே சிக்கெடுத்துப் பின்னலிட்டுப் போவது நல்லது. கடைசியில் சில்லென்ற நீர் ஒரு கிண்ணம் தலையில் விழும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு தயாராக இருங்கள்.

தேய்ப்பவர் போன பிறகு நீங்களும் எழுந்து போய்விட வேண்டியதில்லை. அனேகமாக எல்லாச் சுற்றுலாப் பயணிகளும் இங்கேதான் அவசரப்பட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மீண்டும் மேடையில் படுங்கள். இப்போது படும் சூடு முன்பு பட்டதைவிட மென்மையாக இருக்கும். புதுத்தோல் அதை வேறுமாதிரி வாங்கிக்கொள்கிறது. சுற்றியிருப்பவர்களைக் கூர்ந்து பார்க்காதீர்கள், உரக்கப் பேசாதீர்கள். அந்தக் குவிமாடத்தின் கீழ் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் எதிரொலிக்கும். படம் எடுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் பகுதியில் அதிர்ஷ்டம் இருந்தால் மணப்பெண் குளியல் ஒன்றைக் காணலாம்; திருமணத்துக்கு முன் தோழிகளும் உறவினரும் மணப்பெண்ணோடு ஹமாமுக்கு வந்து, பாடி, ஆடி, சாப்பிட்டுப் போகும் சடங்கு இன்றும் நடக்கிறது. பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் தாயும் சேயும் வரும் வழக்கமும் இருந்தது. அப்படி ஏதாவது நடந்தால் ஓர் ஓரமாக உட்கார்ந்து கைதட்டுங்கள், தட்டில் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த பிறகு

இடைக்கூடத்தில் ஈரத்துணியை மாற்றி, இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று உலர்ந்த துண்டுகளால் சுற்றிவிடுவார்கள். எதிரே வருபவர்கள் ‘ஸிஹ்ஹத்லெர் ஓல்சுன்’ என்பார்கள், குளித்து வந்தவருக்கு நலம் கூறும் சொல் அது; ‘தெஷெக்குர்லெர்’ என்று நன்றி சொல்லுங்கள். ஜாமெகானில் சாய்ந்து உட்கார்ந்து தேநீரோ ஷெர்பத்தோ வாங்கிக் குடியுங்கள். தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். அரை மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும். சட்டென்று எழுந்து போனால் தலை சுற்றும். குளிர்காலம் என்றால் தலை முழுக்க உலராமல் தெருவில் இறங்கக் கூடாது. போஸ்பரஸ் நீரிணையின் காற்று ஈரத் தலைக்கு ஆகாது.

அன்பளிப்பு கட்டணத்தில் பத்து முதல் இருபது சதவீதம். கல்லாவில் கொடுக்காமல் உங்களைத் தேய்த்தவரின் கையிலேயே கொடுங்கள். துண்டு சுற்றிவிட்டவர், தேநீர் கொண்டுவந்தவர் ஆகியோருக்கும் சிறு நோட்டுகள் தனியாக இருக்கட்டும். விடைபெறும்போது வரிசையாக நிற்பதைப் பார்த்துத் திணற வேண்டாம். முக்கியமானவர் தேய்த்தவர்தான், அவருக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

வியர்வை வழியாக உடம்பின் நச்சுகள் எல்லாம் வெளியேறிவிடும் என்று விளம்பரத் தாள்களில் எழுதியிருப்பார்கள், நம்ப வேண்டாம். அந்த வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்கின்றன. ஹமாம் கொடுப்பது இளகிய தசை, மெத்தென்ற தோல், அன்றிரவு ஆழ்ந்த தூக்கம். ஆகவே ஹமாமுக்குப் பிறகு வேறு எந்த இடத்தையும் பார்க்கத் திட்டமிடாதீர்கள். அறைக்குத் திரும்பி, தோல் இன்னும் ஈரம் காயாமல் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். அன்று மீண்டும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டாம். மறுநாளும் வெயிலில் கை கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். புதுத்தோல் விரைவில் கருக்கும்.

கெஸே கையுறை பஜாரில் மலிவாகக் கிடைக்கும், பல ஹமாம்களில் நீங்கள் பயன்படுத்தியதையே கொடுத்தும் அனுப்புவார்கள். வீட்டில் வாரம் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. வெந்நீரில் பத்து நிமிடமாவது உடம்பை ஊறவைத்து, சோப்புப் போடும் முன்பே தேய்க்க வேண்டும். பயன்படுத்திய பிறகு அலசிப் பிழிந்து வெயிலில் காயப்போடுங்கள், ஈரத்தோடு குளியலறையில் தொங்கவிட்டால் பூசணம் பிடிக்கும்.